‘கப்பிற்றுலேசன்’ என்னுஞ் சொல்லும் திருக்கோணமலைக் கோட்டைகளும்

திருக்கோணமலையிற் பிரெடெரிக் கோட்டையின் வாயிலை அணுகுவோர் அங்கே பல காலத்தாரின் கைவேலையை ஒருங்கே காண்பர். பாண்டியரின் அடையாளமாகிய கயல்களும் சிதைந்த தமிழ்ச் சாசனமும் ஒருபால். 1675 என்னும் ஒல்லாந்தர் காலத்து ஆண்டெண் ஒருபால். அவற்றின் மேலே பிரித்தானிய அரசின் இலச்சினை. அவ்விலச்சினையின் கீழுள்ள வாசகம் ஆங்கிலமன்று. ‘இறைவனும் என் உரிமையும்’ எனப் பொருள்படும் பிரான்சிய வாசகம். அதிலுள்ள ‘தியூ’ என்பது இலத்தீனின் ‘தேயுஸ்’ என்பதன் சிதைவு. ‘துரோவா’ என்பது ‘திரெக்தும்’ என்பதன் சிதைவு. பிரான்சியரைப் பலகாலும் எதிர்த்துப் பொருத ஒரு நாட்டார், பிரான்சியரிடம் ஒருமுறை இழந்த கோட்டையொன்றின் தலைவாயிலிலே பிரான்சிய மொழியையே பொறித்துவைத்தனர். ஆங்கிலத்தின் இயல்பை அறிய விரும்பும் மாணவனுக்கு இதனினும் சிறந்த பாடம் வேண்டுவதில்லை.

இக்கோட்டையோடு தொடர்புடைய ஆங்கிலச் சொற்களுள் வரலாறு மிக்கது ‘கப்பிற்றுலேசன்’ என்பது. பாடப்புத்தகங்கள் இதனைச் ‘சரணடைதல்’ என்று மொழிபெயர்த்துவிட்டு அப்பாற் செல்கின்றன. 1782ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் பிரான்சியரிடம் ‘சரணடைந்தனர்’ என்றும், 1795ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் ஆங்கிலேயரிடம் ‘சரணடைந்தனர்’ என்றும் மாணவர் மனனஞ் செய்கின்றனர். ஆயின் அச்சொல்லினுள்ளே சரணென்னும் பொருள் தொடக்கத்தில் அணுவளவும் இருந்ததில்லை. அது எங்ஙனம் வந்து புகுந்தது என்பதும், வந்து புகுந்தபின்னும் பழைய பொருள் எவ்வளவு எஞ்சியிருந்தது என்பதும் ஆராயத்தக்கன.

இலத்தீனில் ‘காப்புத்’ என்பது தலை. உடலின் தலையையும், ஒரு கூட்டத்தின் தலைமையையும், ஒரு பொருளின் முற்பகுதியையும் அச்சொல் குறித்தது. இவ்வாறு பொருள் விரிதல் தமிழர்க்குப் புதிதன்று. தலை என்னும் ஒரு சொல்லிலிருந்தே தலைவன், தலைமை, தலைநகர், தலைமகன், தலைப்பு என்பனவெல்லாம் நமக்குப் பிறந்தன. இலத்தீனிலும் அவ்வாறே. படையின் தலைவனைக் குறிக்கும் ‘கப்டன்’, தலைநகரையும் முதலையுங் குறிக்கும் ‘கப்பிற்றல்’, கடலினுள் நீண்ட நிலமுனையைக் குறிக்கும் ‘கேப்’ ஆகிய ஆங்கிலச் சொற்கள் யாவும் ‘காப்புத்’தின் வழித்தோன்றல்களே. நிலமுனைக்குத் தலை என்று பெயரிடுதலும் நமக்கு அயலன்று. தலைமன்னார் இதற்குச் சான்று. இவற்றைக் கண்டு, இலத்தீனும் தமிழும் ஒரு தாய் மக்கள் என்று முடிவுகட்ட விரைவோர் உளர். அது தவறு. தலை உடம்பின் உச்சியில் இருத்தலும், அது முதன்மையுடையதாதலும் எல்லா மாந்தர்க்கும் பொதுவாகிய அனுபவம். அவ்வனுபவத்திலிருந்து தனித்தனியே இரு மொழிகள் ஒரே உவமையைப் படைத்துக்கொண்டன, அவ்வளவே.

ஆயினும் ‘காப்புத்’தின் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு சொல் தமிழினுள்ளே மெய்யாகவே வந்து தங்கியது. ‘கப்பித்தான்’ என்பதே அது. 1620களில் இக்கோணமலையிற் கோயிலை இடித்து அக்கற்களாற் கோட்டை கட்டிய போர்த்துக்கேயரின் மொழியிலிருந்து நாம் பெற்ற சொல் அது. கோயில் போயிற்று, சொல் நின்றது.

‘காப்புத்’ என்பதன் சிறுமைப் பெயர் ‘கப்பித்துலும்’. சிறு தலை என்பது அதன் நேர்ப்பொருள். எழுதப்பட்ட நூலொன்றின் ஒவ்வொரு பகுதிக்கும் மேலே இடப்படும் தலைப்பையும், பின்னர் அப்பகுதியையுமே அது குறிக்கலாயிற்று. ஈண்டும் ‘தலைப்பு’ என்னும் தமிழ்ச் சொல்லின் அமைப்பை ஒப்புநோக்குக. கிறித்தவ மடங்களிலே துறவியர் நாடோறும் ஓரிடத்திற் கூடித் தம் ஒழுக்கநூலின் ஓரியலைப் படிப்பர். அவ்வியலின் பெயரே படிக்கும் கூட்டத்துக்கும், கூடும் மண்டபத்துக்கும் பெயராயிற்று. பிராங்கியப் பேரரசன் சாள்மேன் தன் கட்டளைகளைத் தலைப்புத் தலைப்பாக வகுத்து வெளியிட்டான். ஆதலால் அவை ‘கப்பித்துலாரியா’ எனப்பட்டன. நம் நூல்களில் ‘அதிகாரம்’ என்னுஞ் சொல் ஆட்சியுரிமையையும் நூற்பகுதியையும் ஒருங்கே குறிப்பது இங்கு நினைவுக்கு வரும். எழுதி வகுப்பவன் எவனோ அவன் ஆள்பவனும் ஆவான் என்னும் உண்மை இரு மொழிகளிலும் வெவ்வேறு வழியாகப் பதிந்துள்ளது போலும்.

இடைக்கால இலத்தீனில் இப்பெயரடியாக ஒரு வினை தோன்றியது. ‘கப்பித்துலாரே’ என்பது அது. தலைப்புகளாக வகுத்து எழுதுதல், ஆதலின் ஓர் உடன்படிக்கையின் உறுப்புகளை ஒன்றொன்றாக எழுதி ஒப்புக்கொள்ளுதல் என்பதே அதன் பொருள். இதிற் போரில்லை, தோல்வியுமில்லை. வகுப்பறையிற் பாடமுடிவில் ஆசிரியர் முன்கூறியவற்றின் தலைப்புகளை மீளவும் தொகுத்துரைப்பதற்கு ஆங்கிலத்தில் வழங்கும் ‘றீகப்பிற்றுலேசன்’ என்னுஞ் சொல்லில் இப்பழைய பொருள் மாசுபடாமல் இன்றும் இருக்கின்றது. ஆசிரியர் எவரும் பாடமுடிவில் மாணவரிடம் மீண்டுஞ் சரணடைவதில்லை.

இலத்தீனிலிருந்து பிரான்சியத்துக்குச் சொற்கள் இருவழியிற் சென்றன. ஒன்று மக்கள் நாவழி. அவ்வழிச் சென்ற சொற்களில், அகரத்தின் முன்வந்த ககரம் சகரமாயிற்று. ‘காப்புத்’ என்பது ‘சேப்’ ஆகித் தலைவனைக் குறித்தது. ‘கப்பித்துலும்’ என்பது ‘சப்பீத்திர்’ ஆயிற்று. இவை ஆங்கிலத்திற் புகுந்து ‘சீப்’ எனவும் ‘சாப்ரர்’ எனவும் வழங்குகின்றன. மற்றையது கற்றோர் ஏட்டுவழி. அவ்வழிச் சென்றவை பழைய ககரத்தை இழக்கவில்லை, ‘கப்பிற்றுலேசன்’ இவ்வகையினது. தமிழ் இலக்கணத்தில் வடசொற்களைத் தற்பவம் என்றும் தற்சமம் என்றும் பிரிப்பதை அறிந்தோர்க்கு இவ்வேறுபாடு எளிதில் விளங்கும். ‘சாப்ரர்’ தற்பவம்; ‘கப்பிற்றுலேசன்’ தற்சமம். ஆங்கிலத்தின் சொந்தச் சொல்லாகிய ‘ஹெட்’ என்பதும் ‘காப்புத்’தும் மிகப் பழைய மூதாதை ஒன்றின் பிள்ளைகளே என்பது மொழிநூலார் துணிபு. ஆகவே ஆங்கிலேயன் ஒரே தலையை மும்முறை பெற்றிருக்கின்றான்: தன் முன்னோரிடமிருந்து ஒருமுறை, நோர்மானியரின் பிரான்சியத்திலிருந்து ஒருமுறை, இலத்தீன் ஏட்டிலிருந்து ஒருமுறை. கைக்குட்டையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் இறுதியிலும் ஒரு தலை ஒளிந்திருக்கின்றது; தலையை மூடுந்துணி என்பதே அதன் பழம்பொருள்.

16ஆம் நூற்றாண்டில் இச்சொல் ஆங்கிலத்தில் வழங்கத் தொடங்கியபோது உடன்படிக்கை என்னும் பொருளையே தந்தது. சேக்ஸ்பியரின் நாலாம் ஹென்றி முதற்பாகத்தில் இதன் வினைவடிவம் வருகின்றது. அங்கே அரசனுக்கு எதிராகக் கிளர்ந்த பிரபுக்கள் தம்முள் உடன்பட்டு ஒன்றுசேர்ந்தனர் என்பது கருத்து. இக்காலப் பொருளைக் கொண்டு படிக்கும் மாணவன், கிளர்ச்சிக்காரர் அரசனிடஞ் சரணடைந்தனர் என்று நேர்மாறாக விளங்கிக்கொள்வான். இவ்விடர்ப்பாடு நாடகத்தோடு முடிவதில்லை. 1519இல் ஐந்தாம் சாள்ஸ் செருமானியப் பேரரசனாகத் தெரிவு செய்யப்பட்டபோது தெரிவாளர்க்கு எழுதிக்கொடுத்த உறுதிமொழிகளின் பெயரும் இதுவே. 1569இல் துருக்கிச் சுல்தான் பிரான்சிய வணிகர்க்கு வழங்கிய சலுகைகளின் பெயரும் இதுவே. சுல்தான் அப்பொழுது எவரிடமும் தோற்றிருக்கவில்லை. வலிமையின் உச்சியில் இருந்தான். அச்சலுகைகள் பிற்காலத்தில் அந்நாட்டுக்குப் பெருஞ்சுமையாகி, 1923ஆம் ஆண்டு உலோசான் உடன்படிக்கையாலே ஒழிந்தன. பெயரை மட்டுங் கண்டு, தொடக்கத்திலேயே துருக்கியர் பணிந்தனர் என எழுதுவோர் சொல்லால் ஏமாற்றப்பட்டவராவர்.

இனி, உடன்படிக்கை எங்ஙனம் பணிவாயிற்று? விடை கோட்டைகளில் உள்ளது.

முற்றுகை என்பதற்கு ஆங்கிலத்தில் வழங்கும் ‘சீஜ்’ என்பதும் பிரான்சியச் சொல்லே. இருக்கை என்பது அதன் முதற்பொருள். கோட்டையின் முன்னே படை வந்து உட்கார்ந்துகொள்ளுதலே முற்றுகை. உட்கார்ந்தவனுக்கும் செலவுண்டு, நோயுண்டு, பருவக்காற்றின் அச்சமுண்டு. உள்ளிருப்பவனுக்குப் பசியும் தாகமும் உண்டு. நம் முன்னோரும் இதனை நன்கறிவர். தொல்காப்பியர் மதில் வளைத்தலை உழிஞைத் திணையாக்கி மருதத்தின் புறமென வகுத்தார். மதில் காத்தலை நொச்சி எனத் தனித்திணையாக்கியது புறப்பொருள் வெண்பாமாலை. புறநானூற்றின் 44ஆம் பாட்டில், ஆவூர்க் கோட்டையினுள் அடைந்து கிடந்த நெடுங்கிள்ளியை நோக்கிக் கோவூர்கிழார் கூறும் அறிவுரை இவ்வாராய்ச்சிக்கு மிகவும் வேண்டியது. வெளியே நலங்கிள்ளி முற்றியிருக்கின்றான். உள்ளே யானையும் மகவும் மகளிரும் வருந்துகின்றனர். புலவர் இரண்டு வழிகளையே காட்டுகின்றார். அறத்தை விரும்பின் உன்னது இது என்று கதவைத் திற. மறத்தை விரும்பின் போருக்கென்று கதவைத் திற. இரண்டுமின்றி அடைத்துக்கொண்டிருத்தல் நாணத்தக்கது.

இவ்விரண்டுக்கும் இடையே மூன்றாவது வழியொன்றை ஐரோப்பியர் 17ஆம் நூற்றாண்டளவில் விதிமுறையாகவே வகுத்துவிட்டனர். இன்னின்ன நிபந்தனைக்கு உட்பட்டுக் கதவைத் திறப்பேன் என்று எழுதிக் கையொப்பமிட்டுத் திறத்தல் அவ்வழி. மதிலிற் படை நுழையத்தக்க உடைப்பு உண்டாகும்வரை காவற்றலைவன் காத்தல் வேண்டும். அதற்குமுன் திறந்தால் அவனுக்குப் பழி. உடைப்பு உண்டானபின் முரசறைந்து பேச்சுக்கு அழைத்தால் இழுக்கில்லை. அவ்வழைப்பையும் கைவிட்டு, எதிரி ஏறிப் பாய்ந்து கைப்பற்றும்வரை நின்றானாயின், உள்ளோர் உயிருக்கும் உடைமைக்கும் எவரும் பொறுப்பில்லை. ஆகவே தலைப்புகள் எழுதப்பட்டன. முதலாந் தலைப்பு: காவற்படை கொடியோடும் முரசோடும் வெளியேறுதல். மற்றொன்று: நோயாளரையும் புண்பட்டோரையும் பேணுதல். மற்றொன்று: தனியார் சொத்து. மற்றொன்று: படையினரை எங்கே, எவர் கப்பலில் அனுப்புவது. இவ்வாறு எழுதியபின் திறவுகோல்கள் கைமாறும். தலைப்பு வகுத்தலும் கோட்டையை விடுதலும் எப்பொழுதும் ஒருங்கே நிகழ்ந்தமையால், முன்னதன் பெயர் பின்னதற்கு ஏறியது. ஆகுபெயர் என்று நம் இலக்கணத்தார் கூறுவது இதனையே.

திருக்கோணமலையில் ஒரே ஆண்டிலே இவ்விருவகை முடிவும் நிகழ்ந்தன. 1781ஆம் ஆண்டு நவம்பரில் ஒல்லாந்தரின் நாகபட்டினத்தைக் கைப்பற்றிய ஆங்கிலக் கடற்படைத் தலைவன் எட்வேட் ஹியூஸ், 1782 சனவரித் தொடக்கத்தில் இங்கு வந்துசேர்ந்தான். கடலோரக் கோட்டை விரைவில் வீழ்ந்தது. உள்துறைமுகத்தின் வாயிலைக் காக்கும் ஒஸ்டன்பேர்க் கோட்டையின் தலைவன் விடுத்த அழைப்புக்கு இணங்கவில்லை. ஆதலால் சனவரி 11ஆம் நாள் ஆங்கில மாலுமியரும் கடற்படைக் காலாட்களும் ஏறிப் பாய்ந்து அதனைப் பிடித்தனர். இங்குத் தலைப்புமில்லை, கையொப்பமுமில்லை. ஆங்கில வரலாற்றாசிரியர் இதனைக் ‘கப்பிற்றுலேசன்’ என்று எழுதார். தாக்கிக் கைக்கொண்டனர் என்றே எழுதுவர். தமிழிலோ இரண்டும் ‘கோட்டை வீழ்ந்தது’ என்னும் ஒரு தொடரில் அடங்கிவிடுகின்றன.

ஏழு திங்களின் பின் வந்தவன் பிரான்சியக் கடற்படைத் தலைவன் சுப்ரேன். சோழமண்டலக் கரை முழுவதிலும் வாடைக்காற்றுக் காலத்திற் பெருங்கப்பல் ஒதுங்கத்தக்க துறைமுகம் ஒன்றுமில்லை. திருக்கோணமலை ஒன்றே அப்பக்கத்திற் காவலுள்ள துறை. ஹியூஸ் சென்னையில் இருந்த வேளை பார்த்து, ஆகஸ்ட் 25ஆம் நாள் சுப்ரேன் இங்கு வந்தான். மறுநாள் படையை இறக்கினான். பீரங்கி மேடைகளை அமைத்தான். ஆகஸ்ட் 30இற் கடலோரக் கோட்டையும், 31இல் ஒஸ்டன்பேர்க்கும் கைமாறின. ஆங்கிலத் தலைவன் கேட்ட போர் மரியாதைகள் அனைத்தையும் சுப்ரேன் தயங்காது வழங்கினான். காவற்படையினரைச் சென்னைக்கு அனுப்பவும் இசைந்தான்.

இத்தாராளம் பெருந்தன்மையால் மட்டும் விளைந்ததன்று. ஹியூஸின் கப்பல்கள் எந்நேரமும் அடிவானத்தில் தோன்றக்கூடும் என்று சுப்ரேன் அஞ்சினான். ஒருநாள் பேரம்பேசினால் ஒரு துறைமுகத்தை இழக்கலாம். ஆதலாற் கொடி, முரசு, கப்பற் பயணம் என்பவற்றைக் கொடுத்து நாட்களை விலைக்கு வாங்கினான். கணக்குச் சரியாயிற்று. செப்டெம்பர் 2ஆம் நாள் மாலை ஆங்கிலக் கப்பல்கள் தோன்றின. கோட்டைகளின்மேற் பறந்தது பிரான்சியக் கொடி. மறுநாள் 14 பிரான்சியப் போர்க்கப்பல்களும் 12 ஆங்கிலப் போர்க்கப்பல்களும் துறைமுகத்துக்கு வெளியே கடும்போர் புரிந்தன. அப்போரில் எவரும் தெளிவாக வெல்லவில்லை. துறைமுகமோ பிரான்சியரிடமே இருந்தது. சுப்ரேனின் பெருங்கப்பல்களுள் ஒன்றாகிய ‘ஓரியன்’ அப்போருக்குத் தப்பியும், திரும்பித் துறைக்குள் நுழைகையிற் பாறையில் மோதி அழிந்தது.

எழுதிய தலைப்புகளின் பயன் யாது என்று வினவுவோர்க்கு 1782 ஆகஸ்ட் ஒன்றே போதிய விடை. தோற்றவன் தன் வீரரை உயிரோடு வீட்டுக்கு அனுப்பினான்; வென்றவன் மூன்று நாளை இலாபமாகப் பெற்றான். இருவரும் பெற்றனர். சரணாகதியில் ஒருவன் பெறுவதே அருளாகும். இங்கு அருளுக்கு இடமில்லை, கொடுக்கல் வாங்கலுக்கே இடம்.

அமைதி உடன்படிக்கைகளின்படி திருக்கோணமலை ஒல்லாந்தரிடம் மீண்டது. நாகபட்டினம் ஆங்கிலேயரிடமே தங்கிற்று. 1795இற் காட்சி மாறியது. பிரான்சியர் ஒல்லாந்தைக் கைப்பற்றவே, இங்கிலாந்துக்குத் தப்பியோடிய ஒறேஞ்ச் இளவரசன், பெப்ரவரி 7ஆம் நாள் கியூ மாளிகையிலிருந்து எழுதிய திருமுகத்திற் குடியேற்றங்களிற் பிரித்தானியப் படையை அனுமதிக்கும்படி பணித்தான். அத்திருமுகத்தோடு தளபதி ஸ்ருவேட்டும் கடற்படைத் தலைவன் றெயினியரும் ஆகஸ்ட் தொடக்கத்தில் இங்கு வந்தனர். கொழும்பிலிருந்த ஆளுநர் வான் ஆங்கல்பீக், ஒஸ்டன்பேர்க்கில் 300 பிரித்தானிய வீரருக்கு இடமளிக்கும்படி கட்டளை விடுத்தும், இங்கிருந்த ஒல்லாந்தத் தலைவன் அக்கட்டளையின் வடிவத்திற் குறைகண்டு இணங்க மறுத்தான். எழுத்தின் வடிவத்துக்கு அக்காலத்தார் கொடுத்த மதிப்பு இதனாலும் புலப்படும். இதற்கிடையில் ‘டயோமீட்’ என்னும் ஆங்கிலப் போர்க்கப்பல் வெளிவிரிகுடாவிற் பாறையில் மோதி மூழ்கியது. முற்றுகை தொடங்கி, மதிலில் உடைப்பு உண்டானபின், ஆகஸ்ட் 26இற் கடலோரக் கோட்டையின் தலைப்புகள் கையொப்பமாயின. 31இல் ஒஸ்டன்பேர்க் பின்தொடர்ந்தது. பதின்மூன்று ஆண்டு இடையிட்டு, அதே ஆகஸ்ட் 31இல் அதே மலைக்கோட்டை இருமுறை கைமாறியமை வியப்பானதே. யாழ்ப்பாணம் செப்டெம்பர் 28இலும், கொழும்பு 1796 பெப்ரவரி நடுவிலும் ஆங்கிலேயர் வசமாயின.

பிரான்சியன் ஆங்கிலேயனோடும், ஆங்கிலேயன் ஒல்லாந்தனோடும் எழுதிய இப்பத்திரங்கள் மும்மொழியிலும் ஏறக்குறைய ஒரே பெயரால் வழங்கின. ஒருவன் மொழியை மற்றவன் அறியாவிடத்தும் சொல்லை அறிந்திருந்தான். சொல்லோடு வழக்கத்தையும் அறிந்திருந்தான். அறியாதவர் அவ்வூர்க் குடிகளே. கோட்டைக்குக் கல் சுமந்தவரும், தோணி வலித்தவரும், கொட்டியாரத்திலிருந்து நெல் கொண்டுவந்தவரும் எத்தலைப்பிலும் கையொப்பமிட அழைக்கப்பட்டாரல்லர். அவர்களுக்கு 1782 சனவரிக்கும் ஆகஸ்டுக்கும் வேறுபாடு கொடியின் நிறமே.

அதே போரில் இச்சொல்லின் இன்னொரு பொருளும் இலங்கையில் நடமாடியது என்பது பலரும் கவனியாதது. சுவிற்சலாந்து நாட்டார் அயலரசர்க்குக் கூலிப்படை அனுப்பும்போது எழுதும் ஒப்பந்தத்தின் பெயரும் ‘கப்பிற்றுலேசன்’ என்பதே. ஒல்லாந்தக் கும்பினிக்காகக் கொழும்பைக் காத்துநின்ற தெ மூறோன் படைப்பிரிவு அத்தகையது, 1781இல் அமைக்கப்பட்டது. 1795 மார்ச் 30ஆம் நாள் ஸ்கொத்துலாந்துப் பேராசிரியர் ஹியூ கிளெக்கோண், நெயூசற்றல் நகரில் அப்படையின் உரிமையாளனாகிய தெ மூறோன் பிரபுவோடு புதிய ஒப்பந்தம் எழுதி, முழுப் படைப்பிரிவையும் ஆங்கிலேயர் பக்கம் மாற்றிக்கொண்டார். செய்தி கொழும்புக் கோட்டைக்குள் பாற்கட்டியொன்றினுள் மறைத்து அனுப்பப்பட்டது என்பர். படை விலகியபின் கொழும்பு நெடுநாள் நிற்க இயலவில்லை. ஆகவே நெயூசற்றலில் எழுதிய ஒரு கப்பிற்றுலேசன், கொழும்பில் மற்றொரு கப்பிற்றுலேசனுக்கு வழிகோலியது. முதலாவது, வீரரை வாடகைக்கு விடுதல். இரண்டாவது, கோட்டையை விடுதல். ‘தலைப்புகளாக எழுதிய உடன்பாடு’ என்னும் மூலப்பொருளை அறியாதவனுக்கு இவ்விரண்டும் ஒரு சொல்லாதல் விளங்காது.

கோட்டை கைமாறியதோடு அப்பத்திரங்கள் பழந்தாளாகிவிடவில்லை. மேற்கிந்தியத் தீவுகளுள் ஒன்றாகிய கிறனடாவைப் பற்றிய வழக்கொன்றில், 1774ஆம் ஆண்டில், ஆங்கிலப் பெருநீதிபதி மான்ஸ்பீல்ட் பிரபு ஒரு விதியை நிலைநாட்டினார். எத்தலைப்புகளின்மேல் ஒரு நாடு ஒப்புவிக்கப்பட்டதோ அத்தலைப்புகள் மீறத்தகாதவை என்பதும், வென்ற நாட்டின் பழைய சட்டம் முறைப்படி மாற்றப்படும்வரை நிற்கும் என்பதும் அதன் சாரம். இலங்கையில் ஒல்லாந்தக் குடிகள் தம் உடைமையைக் காத்துக்கொண்டதற்குக் கொழும்புத் தலைப்புகள் துணைநின்றன. 1799 செப்டெம்பர் 23ஆம் நாள் ஆளுநர் நோர்த்து விடுத்த பிரகடனம் ஒல்லாந்தர் காலச் சட்டங்களைத் தொடரச் செய்தது. 1806இல் தேசவழமை பிரித்தானிய ஆட்சியில் ஒழுங்குவிதியாக ஏற்கப்பட்டது. உரோம ஒல்லாந்தச் சட்டம் இந்நாட்டு நீதிமன்றங்களில் இன்றும் நிலவுகின்றது. இவையனைத்தும் ஒரு பத்திரத்தின் பயன் என்று கூறுதல் மிகையாகும். ஆயினும், வென்றவன் தான் எழுதிக்கொடுத்ததற்குக் கட்டுப்பட்டவன் என்னும் கொள்கை இல்லையாயின் இவற்றுக்கு ஊன்ற நிலமே இராது.

19ஆம் நூற்றாண்டிலும் அதன்பின்னும் நிபந்தனை மெல்ல மறைந்து, பணிவு மட்டும் சொல்லில் எஞ்சிற்று. இன்று விவாதமேடையில் எதிர்வாதத்துக்கு இணங்கிவிட்டவனையும் ஆங்கிலேயர் இச்சொல்லாற் குறிப்பர். அவன் எந்தத் தலைப்பையும் எழுதியவனல்லன். செருமானிய மொழியில் இம்மாற்றம் முற்றுப்பெற்றது. 1945 மே மாதத்தில் அந்நாடு அடைந்த முடிவை அம்மொழியார் ‘நிபந்தனையற்ற கப்பிற்றுலேசன்’ என்றே வழங்குகின்றனர். சொல்லின் மூலத்தை நோக்கின், இது ‘தலைப்பில்லாத தலைப்பு’ என்பதுபோலாகும். மலடியின் மகன் என்று தருக்கநூலார் காட்டும் எடுத்துக்காட்டை இது ஒக்கும். எனினும் உலகம் அதனை முரணாகக் கருதவில்லை. சொற்கள் தம் பிறப்பை மறந்தே வாழ்கின்றன.

ஆயின் வரலாறு எழுதுவோர் மறக்கலாமோ என்பதே வினா. தமிழிற் ‘சரணாகதி’ என்பது வடமொழியினின்றும் வந்தது. சரணம் என்பது புகலிடம், ஆகதி என்பது வந்தடைதல். பாதத்தைக் குறிக்கும் சரணம் வடமொழியில் வேறு சகரத்தால் எழுதப்படும் வேறு சொல். தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றாகி, காலில் விழுதலே சரணடைதல் என்னும் எண்ணத்தை வளர்த்துவிட்டன. அடைக்கலம் புகுந்த வீடணன் இராமனிடம் தலைப்புகள் எதனையும் எழுதி நீட்டவில்லை. நிபந்தனையின்மையே அச்சொல்லின் உயிர். அதனைக் கொண்டுபோய், கொடியும் முரசும் பயணக்கப்பலும் கேட்டுப் பெற்ற 1782ஆம் ஆண்டுத் தலைவனுக்கு ஏற்றுதல் பொருந்தாது. வினாத்தாளில் ‘ஒல்லாந்தர் ஏன் சரணடைந்தனர்’ என்று கேட்கப்படும் மாணவன், அவர்தம் கோழைமையைக் காரணங்காட்டுவானேயன்றி, அவர்கள் எதைக் காத்துக்கொண்டனர் என்பதை எண்ணவும் மாட்டான்.

இதற்குத் தகுந்த சொல் நம் பேச்சுவழக்கிலேயே இருக்கின்றது. கணக்கையோ காணியையோ பொறுப்பையோ மற்றொருவரிடம் முறையாக விடுவதை ‘ஒப்புக்கொடுத்தல்’ என்று இப்பகுதியார் கூறுவர். அதன் முதனிலையாகிய ‘ஒப்பு’ என்பதில் இசைவு இருக்கின்றது. கையொப்பத்தில் வரும் ஒப்பும் அதுவே. கோட்டையை ஒப்புக்கொடுத்தனர் என்றால் விட்டமையும் புலப்படும், இசைந்து எழுதினமையும் புலப்படும். சனவரி 11ஐ ‘ஏறிக் கைக்கொண்டனர்’ என்றும், ஆகஸ்ட் 31ஐ ‘ஒப்புக்கொடுத்தனர்’ என்றும் பிரித்து எழுதுவதில் இடரொன்றுமில்லை. தெ மூறோன் படையின் ஒப்பந்தத்துக்கும் துருக்கியச் சுல்தானின் சலுகைக்கும் மட்டும் இச்சொல் உதவாது; அங்கே எதுவும் கைமாறவில்லையாதலின், உடன்படிக்கை என்னும் பழஞ்சொல்லையே வைத்துக்கொள்ளல் வேண்டும்.